ஒட்டாத மாவும் ஒரு விராத்து ரொட்டியும்

விராத்துக்கு முதல் நாள் எங்கள் தெருவில் உரல் இடிக்கிற சத்தம் தொடங்கியதுமே எனக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிட்டது. வயிற்று வருத்தக்காரி என் மகள். அவளோ வாசலில் மணலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கும் வேலிக்குமாக நடந்தவன் நான்.

விராத்து என்பது நோன்பு மாதத்துக்கு முந்திய மாதத்தின் நடுவில் வருகிற இரவு. மருதமுனையில் அன்றைக்கு ரொட்டி சுடாத வீடு கிடையாது. மவுத்தாகி மறைந்துபோனவர்களின் பேரில் சுட்டு, லெப்பை வந்து ஓதி, பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தட்டில் போகும். பிள்ளைகள் பன்புல்லில் பின்னிய பன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலை படலையாக ஏறி இறங்கி ரொட்டி சேர்ப்பார்கள். அமெரிக்கன் மா கப்பலில் வந்து மலிந்த பிறகு அந்த ரொட்டியெல்லாம் கோதுமை ரொட்டியாகிவிட்டது. என் மகளுக்கு உலகத்தில் ஆகாத சாமான் ஒன்றே ஒன்றுதான். அது கோதுமை. அந்த ஒன்றைத்தான் அன்றைக்கு ஊரே கையில் ஏந்திக்கொண்டு நிற்கும்.

இது தெரியவருவதற்கு எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. பால் மறந்து, மற்றச் சாப்பாடு பழகிக் கொஞ்சக் காலத்தில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. நின்றது, திரும்பத் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை. கையும் காலும் ஈர்க்கில் மாதிரி மெலிந்து, வயிறு மட்டும் ஊதி, தலைமயிர் செம்பட்டையாகி, எந்த நேரமும் சிணுங்கிக்கொண்டு கிடந்தாள். பூச்சி என்றார்கள். கண்ணூறு என்றார்கள். பரிசாரி கசாயம் கொடுத்தார். கழுத்தில் தாயத்து ஏறியது, இடுப்பில் இன்னொன்று ஏறியது. அவளுடைய நிறையில் பாதி அந்தத் தாயத்துகள்தான் என்று நான் பகிடி விட்டேன். சிரிக்க ஆளில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

வருத்தம் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. விசுக்கோத்து கொண்டுவந்தார்கள். சோறு வயிற்றுக்குக் கனம், பேக்கரிப் பாண்தான் லேசு என்றார்கள். நாங்களும் சோற்றை மறித்தோம். பாணைப் பாலில் நனைத்துத் தீத்தினோம். ரஸ்க்கைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத் தீத்தினோம். பார்லித் தண்ணீர் நல்லதென்று யாரோ சொல்ல, நானே கல்முனைச் சந்தையெல்லாம் அலைந்து பார்லி வாங்கி வந்தேன். மாவடிப்பள்ளி வயல் அரிசி மூட்டையாக வீட்டில் கிடக்க, பிள்ளைக்கு வியாதியைத் தட்டில் வைத்துத் தீத்திக்கொண்டிருந்தோம். அவள் மெலிய மெலிய இன்னும் லேசான சாமானாகத் தேடினோம்.

கடைசியில் மட்டக்களப்பில் ஒரு டொக்டர், சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்தவர், அவளுடைய வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மலத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் விசாரித்தார். என் மனைவி வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொள்ள, நிறம், மணம், எண்ணெய்ப் பதம் எல்லாவற்றையும் நான் சொன்னேன். என் கடையில் விற்கிற சாறன் கைலியைப் பற்றிக்கூட நான் அவ்வளவு விபரமாகச் சொன்னதில்லை.

"சீலியாக் எண்டு ஒரு வருத்தம் இருக்கு," என்றார். "கோதுமையில ஒரு பசை இருக்கு. மாவை ஒட்டப்பண்ணுறது அதுதான். அந்தப் பசை இந்தப் பிள்ளையின்ர குடலுக்கு ஆகாது எண்டு நினைக்கிறன். பார்லியிலயும் அதே மாதிரிச் சாமான் இருக்கு. ரெண்டையும் நிற்பாட்டுங்கோ."

"அப்ப இதுதான் வருத்தம் எண்டு நிச்சயமா, டொக்டர்?"

"நிச்சயம் எண்டு சொல்ல என்னட்ட ஒண்டும் இல்ல. நிற்பாட்டிப் பாருங்கோ. பிள்ளை தேறினா இதுதான்."

"எப்பவாவது ஒரு துண்டு?"

"ஒரு துண்டும் வேண்டாம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்படியைத் தலைகீழாக்கினேன். பாண், விசுக்கோத்து, ரஸ்க் மூன்றும் முகம் காட்டிக்கொண்டு நின்ற எதிரிகள். அவற்றைத் துரத்துவது லேசு. ரவையும் சேமியாவும் பேரை மாற்றிக்கொண்டு வந்த கோதுமை. மஸ்கட் என்று நாங்கள் பெருநாளைக்குக் கிண்டுகிற இனிப்பு கோதுமைப் பாலில் பிறந்தது. கடை இடியப்பத்தில் அவித்த அமெரிக்கன் மா. கடைப் புட்டில் பாதிக்குப் பாதி அதுவே. பெருங்காயக் கட்டியில்கூட மா கலப்பார்கள் என்று சந்தையில் ஒருவர் சொன்ன அன்று, பெருங்காய டப்பாவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்ப் பாம்பை விடுவதுபோல வேலிக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

மிஞ்சியது என்ன? சோறு, கஞ்சி, குரக்கன், சோளம், பயறு, மரவள்ளிக்கிழங்கு, மீன், முட்டை, தயிர், வாழைப்பழம். எழுதிப் பார்த்தால் ஒரு மனிதன் நூறு வயது வாழத் தாராளமாகக் காணும். ஆனால் பயந்த மனிதனுக்கு எதுவும் நம்பிக்கையில்லை. சவ்வரிசி உருண்டையாக இருக்கிறதே, இதை யார் எந்த மாவில் உருட்டினார்கள் என்று அதையும் ஒரு சுருளில் கட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். டொக்டர் சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மரவள்ளியில செய்யிறது. பிள்ளைக்குக் குடுங்கோ. நீங்களும் கொஞ்சம் சாப்பிட்டுப் படுங்கோ," என்றார்.

எனக்குக் கல்முனையில் புடவைக்கடை. மருதமுனைச் சாறன்தான் பிரதானம். நூலில் கலப்பு இருக்கிறதா என்று முறுக்கை அவிழ்த்து இழுத்துப் பார்ப்பது என் கைப்பழக்கம். அதையே மாவுக்கும் கொண்டுவந்தேன். ஒரு சிட்டிகை மாவை எடுத்து, ஒரு துளி தண்ணீர் விட்டு, இரண்டு விரலுக்கிடையில் உருட்டி இழுப்பேன். அரிசி மா உடனே முறிந்து உதிரும். அமெரிக்கன் மா நூல் மாதிரி இழுபடும். கலப்பு மா கொஞ்சம் இழுபட்டு, பிறகு முறியும். எந்தக் கடைக்குப் போனாலும் என் விரல் சாக்குக்குள் போய்விடும்.

"மூடுங்கடா சாக்க, மா இன்ஸ்பெக்டர் வாறாரு," என்பார் பலசரக்குக் கடைக்காரர்.

"கள்ளன் எங்க இரிக்கானோ அங்கதான் இன்ஸ்பெக்டருக்கு வேல," என்பேன்.

"சாறன்ல சாயம் போகாது எண்டு சத்தியம் பண்ற ஆளு நீங்க. எங்களக் கள்ளன் எண்டு சொல்றீங்க!"

பகிடி பகிடியாக இருக்க, பிள்ளை தேறினாள். வயிறு வற்றியது. கன்னத்தில் சதை வைத்தது. ஒருநாள் கடையிலிருந்து வந்து படலையைத் திறந்தபோது அவள் ஓடிவந்தாள். அதற்கு முன் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நடப்பாள், விழுவாள், இருந்துவிடுவாள். அன்றைக்கு ஓடிவந்து என் முழங்காலில் இடித்தாள். அதற்குப் பிறகு என் பயம் இரண்டு மடங்கானது. முன்பு இழக்க ஒரு நோயாளிதான் இருந்தாள். இப்போது ஓடுகிற ஒரு பிள்ளை இருந்தாள்.

இந்த நிலையில்தான் விராத்து வந்தது.

"இஞ்ச பாருங்க," என்றாள் மனைவி. "போன விராத்துக்குப் புள்ள பாயிலேயே கிடந்த. இந்த முற பெட்டியத் தூக்கிட்டு நாலு ஊட்டுக்குப் போகட்டும்."

"நாலு ஊட்டுல நாலு ரொட்டி கிடைக்கும். அதுக்குப் பொறகு நாலு பேர் தூக்குவாங்க."

"வாயக் கழுவுங்க! நான் தெருவுல எல்லாருக்கிட்டயும் கதச்சிட்டன். புள்ளைக்காக இந்த முற எல்லாரும் அரிசி மாவுலதான் சுடுறாங்களாம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். ராத்தா அல்லாஹ்வுல சத்தியம் பண்ணித் தந்த."

ராத்தா என்றது அவளுடைய மூத்த சகோதரியை. பக்கத்து வளவு, வேலியில் ஒரு கடப்பு, அதுதான் இரண்டு வீட்டுக்கும் வாசல். எனக்கு மதினி. பெரிய குரல், பெரிய கை, என் மகளைத் தன் பிள்ளைகளைவிட ஒரு படி மேலே வைத்திருந்தவர்.

"அன்றைக்கு மட்டும் புள்ளையச் சொறிக்கல்முனைக்குக் கொண்டுபோறன்," என்றேன். அந்தத் தமிழ் ஊரில் எனக்குத் தெரிந்த வயல்காரர் ஒருவர் இருந்தார். அங்கே விராத்தும் இல்லை, ரொட்டியும் இல்லை. "அங்க சோறு தின்னட்டும், மாட்டுக்கண்டுக்குப் பின்னால ஓடட்டும், பொழுதுபட வாறம்."

என் மனைவி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "விராத்துக்குப் புள்ளையக் கொண்டுபோய் ஒளிச்சுவைக்கிற வாப்பா இந்த முஸ்லிம் ஊருகள்ல நீங்க ஒராள்தான்."

வேலிக்கு அப்பாலிருந்து மதினியின் குரல் வந்தது. "மச்சான், என்னத்துக்குப் பயம்? என்ட மாவுக்குள்ள கோதும ஒரு துணுக்குப் போட மாட்டன். அல்லாஹ்வுக்காக!"

இரண்டு பெண்களுக்கு எதிரே நான் ஒருவன். தோற்றேன்.

விராத்தன்று அசர் முடிய, பிள்ளை புதுச் சட்டையோடு பன்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மதினியின் பிள்ளைகளோடு புறப்பட்டாள். "சேக்கிற மட்டும்தான். ஊட்ட வந்துதான் தின்ன," என்று என் மனைவி சொன்னாள். நான் அதையே பல தடவை சொன்னேன். கடைசியில் பிள்ளை எனக்கு வாய்பொத்திக் காட்டிவிட்டு ஓடினாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த தட்டுகளை வாங்க விறாந்தையில் இருந்தேன். முதல் தட்டு வந்தது. ரொட்டியை எடுத்து மடித்தேன். அரிசி மா ரொட்டி மடியாது. படக்கென்று வெடித்து இரண்டாகியது. அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது தட்டு. அதுவும் வெடித்தது. எனக்கே என்மேல் வெட்கம் வந்தது. மூன்றாவது, எதிர்வீட்டுத் தட்டு. மடித்தேன். அது மடிந்தது. இஸ்திரி போட்ட சாறன் மாதிரி நாலாக மடிந்து, விட்டதும் எழும்பி விரிந்தது.

தட்டோடு தெருவைத் தாண்டினேன்.

"இது என்ன மா?" என்று எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டேன்.

"அரிசி மாதான், காக்கா," என்றார். என்னை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்.

"அரிசி மா இப்பிடி மடியுமா?"

"அது... ஒட்டுறதுக்கு ஒரு புடி போட்ட."

"என்ன புடி?"

"அமெரிக்கன் மாவுதான். எங்கட வாப்பாட பேருல ஓதுற ரொட்டி காக்கா. வெடிச்சிப் பொளந்து கிடந்தா மவுத்தானவருக்கு என்ன மதிப்பு? ஒரு கொத்து அரிசி மாவுக்குள்ள ஒரு புடி என்ன தெரியும்?"

"வயித்துக்குத் தெரியும்!"

"தெருவுல போடாத ஊடு எது எண்டு கேட்டுப் பாருங்க," என்று அவர் முறைப்பாடாகச் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் அது அரிசி மா ரொட்டிதான். ஒரு பிடி போட்டதால் அதன் பேர் மாறவில்லை.

நான் ஓடினேன். சாறனைத் தூக்கி மடித்துக் கட்டவும் நேரமில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு முதல் ஒழுங்கையிலேயே போய்விட்டது. படலை படலையாக எட்டிப் பார்த்தேன். "புள்ள வந்தாவா?" "வந்த, போன." "ரொட்டி குடுத்தீங்களா?" "குடுக்காம? நல்ல புள்ள, சலாம் சொல்லி வாங்கின." ஒவ்வொரு வீடும் அன்பாகக் கொடுத்திருந்தது. அந்த அன்பை நினைக்க நினைக்க எனக்கு வேர்த்தது.

"என்ன மச்சான், தோணி கவுந்துட்டா?" என்று யாரோ கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கடற்கரைப் பக்கம் போனதாக ஒருவர் கை காட்டினார்.

கரையில் கவிழ்த்துவைத்திருந்த ஒரு தோணியின் நிழலில் வட்டமாக இருந்தார்கள். நடுவில் பெட்டிகள். ரொட்டி, சீனி, வாழைப்பழம். என் மகள் கையில் ஒரு ரொட்டி. அதில் பாதி இல்லை.

நான் பாய்ந்து அதைப் பறித்தேன். கடலில் எறியக் கையை ஓங்கினேன். ஓங்கிய பிறகுதான் நினைவு வந்தது: ஓதின ரொட்டி. எறியக்கூடாது, மண்ணில் போடக்கூடாது, காலில் படக்கூடாது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். கையில் வைத்திருக்கவும் பயம், விடவும் பயம். என்ன செய்தேன்? என் வாய்க்குள் திணித்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டேன்.

விழுங்கி முடிந்ததும்தான் புத்தி வந்தது. மடித்துப் பார்த்திருக்கலாம். அது எந்த மா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி என் தொண்டையால் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாப்பா ரொட்டியப் பறிச்சுத் திண்டுட்டாரு!" என்று மகள் குரல்வைத்து அழுதாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் பெட்டிகளை இறுக்கி மூடினார்கள்.

"எவ்வளவு திண்ட மகள்? இதுக்கு முந்தி வேற திண்டதா?"

"இல்ல. அது மட்டும்தான். பாதி."

"ஆரு தந்த ரொட்டி?"

"பெரியம்மா."

மதினியின் ரொட்டி. நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். தெருவில் வேறு எந்த வீட்டை நம்பாவிட்டாலும் அந்தச் சத்தியத்தை நம்பலாம். ஆனால் வாயில் போட்டது எப்படி இருந்தது? உதிர்ந்ததா, இழுபட்டதா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். பயத்துக்கு ருசி தெரியாது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே மதினியின் அடுப்படிக்குப் போனேன். அவர் மிச்சமிருந்த ரொட்டிகளை எடுத்துக் காட்டினார். கோடையில் வெடித்த வயல் மாதிரி எல்லாம் பிளந்து கிடந்தன. மடித்தேன், உதிர்ந்தது. இன்னொன்றை மடித்தேன்; அதுவும் உதிர்ந்தது.

"எல்லாத்தையும் ஒடச்சிப் போட்டுட்டுத்தான் போவீங்களா?" என்றார். மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். செருப்பைத் தேடப் போனேன்.

அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டாள். பின்னேரம் தின்ற கொஞ்சத்தையும் சத்தி எடுத்தாள். பிறகு வயிறு ஊதியது. தட்டினால் பறைபோலச் சத்தம். பிறகு வயிற்றோட்டம், அந்தப் பழைய வெளிறல், அந்தப் பழைய மணம். ஓடித்திரிந்த பிள்ளை சுவர் ஓரத்துப் பாயில் முழங்காலை மடித்துக்கொண்டு கிடந்தாள். கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வாழைப்பழத்தைச் சந்தேகித்தேன். சீனியைச் சந்தேகித்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். என் மனைவி துணி கசக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"அரிசி ரொட்டிதானே திண்ட?"

"ஓம்."

"கோதும திங்கல்லயே?"

"இல்ல."

"அப்ப கோதும இல்லாமலே இது வந்திரிக்கி. அப்ப அந்த டாக்குத்தர் சொன்னது பிழ."

அவள் சொன்னது சரி. டொக்டரே நிச்சயம் என்று சொல்லவில்லை. பிள்ளை தேறினால் இதுதான் என்றார். தேறினாள். இப்போது அரிசியைத் தின்றுவிட்டுத் திரும்ப விழுந்துவிட்டாள் என்றால், தேறியது சும்மா தேறியது. வியாதிக்குப் பேரில்லை. எதை மறிப்பது, எதைக் கொடுப்பது என்று ஒன்றும் தெரியாத அந்தப் பழைய இருட்டுக்குத் திரும்பப் போகவேண்டும். அரிசியும் ஆகாதென்றால் பிறகு எங்கள் ஊரில் அவள் எதைத் தின்று உயிர் வாழ்வாள்?

அன்றைக்கு நான் கேட்ட மாதிரி ஒரு துஆவை அல்லாஹ் அதற்கு முன்பு யார் வாயிலிருந்தும் கேட்டிருக்கமாட்டான். யா அல்லாஹ், என் பிள்ளை தின்றது கோதுமையாக இருக்கவேண்டும் என்று கேட்டேன். அதுவரை கோதுமைக்கு ஒளித்துத் திரிந்தவன், இப்போது அதைத் தேடி வேலிக் கடப்பால் குனிந்து போனேன்.

"மதினி, உங்களக் குற்றம் சொல்ல வரல்ல. ஒரு புடி, அரைப் புடி, போட்டிருந்தா சொல்லுங்க. கோவிக்க மாட்டன். சந்தோசப்படுவன்."

அவர் முகம் கறுத்தது. "நான் பொய்ச்சத்தியம் பண்ணின எண்டு சொல்றீங்களா?"

"இல்ல மதினி..."

"குர்ஆனத் தூக்குங்க, கைய வைக்கிறன். மாவுக்குள்ள போடல்ல எண்டா போடல்ல! அந்தப் புள்ளைக்கு நான் நஞ்சு குடுப்பனா?"

என் மனைவியும் ஓடிவந்துவிட்டாள். "விடுங்க, ராத்தாவ என்னத்துக்குப் போட்டு வதைக்கிறீங்க?" என்றாள். எனக்கு வெட்கமில்லை, விடவும் முடியவில்லை.

"சரி, ஒண்டு செய்யிங்க மதினி. அன்றைக்குச் சுட்ட மாதிரி ஒரு ரொட்டி சுட்டுக் காட்டுங்க. பாத்துட்டுப் போறன்."

"பாருங்க! கண்ண நல்லாத் துறந்துட்டுப் பாருங்க!"

கோபத்தோடு தேங்காயைத் துருவினார். பானையிலிருந்து அரிசி மாவை அள்ளிக் கோப்பையில் போட்டார். நான் ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து இழுத்தேன். சுத்தமான அரிசி மா. உப்பு. தண்ணீர். பிசைந்தார். என் கண் அவருடைய பத்து விரலையும் விட்டு அசையவில்லை. ஒரு பிழையும் இல்லை. என் மனைவி என் முதுகில் இடித்தாள், வாங்க போவம் என்று.

மதினி ஒரு உருண்டையை எடுத்தார். இடது கை அடுப்போரத்துத் தகரப் பேணிக்குள் போய் வந்தது. உள்ளங்கை இரண்டையும் தேய்த்தார். வெள்ளை மா புகைபோல எழும்பியது. அந்தக் கையால் உருண்டையைத் தட்டத் தொடங்கினார். தட்டினார், திருப்பினார், ஓரத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் தூவினார்.

"மதினி, அந்தப் பேணிக்குள்ள என்ன?"

"எந்தப் பேணி?"

அவர் கையைப் பார்த்தார். பேணியைப் பார்த்தார். தட்டிய ரொட்டி கையிலேயே நின்றது.

"இது... கைல ஒட்டாம இரிக்கப் பூசுற மா," என்றார் மெதுவாக. "மாவுக்குள்ள போடல்லயே மச்சான். கைக்குத்தானே..."

நான் பேணிக்குள் விரலை விட்டு, எச்சிலில் நனைத்து, உருட்டி இழுத்தேன். அமெரிக்கன் மா. நூல் மாதிரி, அழகாக, நீளமாக, அறாமல் வந்தது. அவர் சத்தியத்தில் ஒரு துணுக்கும் பிழையில்லை. மாவுக்குள் போடவில்லை. ரொட்டியின் இரண்டு பக்கத்திலும் பூசியிருந்தார். ரொட்டி வெடித்துத்தான் இருக்கும். என்னுடைய மடிப்புச் சோதனையை அது எந்தக் காலத்திலும் வென்றிருக்கும்.

"கிடச்சிட்டு!" என்று கத்தினேன். பேணியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தாடியெல்லாம் மா. "கோதுமதான்! அல்ஹம்துலில்லாஹ், கோதுமதான்! டாக்குத்தர் சொன்னது சரி!"

மனைவிக்கு விளங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அது நிம்மதி. மதினிக்கும் விளங்கியது; அவர் அழுதது வேறு அழுகை. கையிலிருந்த மாவைச் சாறியில் துடைத்தார், பிறகும் துடைத்தார், கழுவினார், திரும்பத் துடைத்தார். "என்ட கையாலதான் குடுத்த," என்றார். "வாய்க்குள்ள நான்தான் வைக்கச் சொன்ன. ஊட்ட போறத்துக்கு முந்தி ஒரு கடி கடி மகள், பெரியம்மாட ரொட்டி சுத்தம் எண்டு நான்தான் சொன்ன."

நான் பேணியைக் கட்டிப்பிடித்துத் துள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் நொறுங்கி நிற்கிற இடத்தில் துள்ளுகிற மனிதன் எப்படி இருப்பான் என்று இப்போது நினைத்தால் காது சுடுகிறது. நினைவு வந்ததும் பேணியைக் கீழே வைத்தேன். "இதத் தேடிக் குடுத்தது நீங்கதான் மதினி," என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வளவுக்கு வரவில்லை. கடப்பில் ஒரு பழைய கதவை இழுத்துச் சாத்தியிருந்தார். பிள்ளைக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்தோம். வாழைப்பழம் மசித்துக் கொடுத்தோம். பாதியைத் துப்பினாள். மருந்தென்று எதுவும் இல்லை; காத்திருப்பதுதான் மருந்து. பேர் தெரிந்த வியாதியென்றாலும் பிள்ளை பாயில் கிடக்கிறபோது பேர் எதற்கு உதவும்? இந்த முறை குடல் தேறாமலே போய்விட்டால்? நான் கடைக்குப் போனேன், வந்தேன், போனேன், இடையில் வந்தேன். வருகிறவர்களிடம் சாறனை விரித்துக் காட்டிவிட்டு, விலை சொல்ல மறந்தேன்.

காலையில் கிணற்றடிக்கு அப்பால் மணலில் குழி தோண்டிப் பிள்ளையை இருத்துவதும், பிறகு குந்தியிருந்து பார்ப்பதும் என் வேலையாயிற்று. வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, நெசவில் பிழை தேடுகிற அதே முகத்தோடு பார்ப்பேன். ஒரு நாள் கொஞ்சம் இறுகியது போலிருக்கும். மறுநாள் பழையபடி இளகும். என் முகம் பார்த்தே மனைவி விளங்கிக்கொள்வாள், கேட்கமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குழிக்குள் பார்த்தேன். நல்ல நிறம். நல்ல உருவம். எண்ணெய் இல்லை. ஒரு சாதாரண மனிதப்பிள்ளை போகவேண்டிய மாதிரிப் போயிருந்தாள். நான் எழும்பவில்லை, சந்தோசத்தில் இன்னும் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தேன்.

வேலிக் கிடுகு அசைந்தது. அந்தப் பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. எத்தனை காலையாக அங்கே நின்றாரோ எனக்குத் தெரியாது.

"மச்சான்," என்றது குரல். அந்தப் பெரிய குரலா இது என்று இருந்தது. "எப்பிடி?"

"கட்டி மதினி!" என்று கத்தினேன். "நல்ல கட்டி! வந்து பாருங்க!"

பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் தெருவில் நின்றுவிட்டார்கள். "ஊருக்கெல்லாம் ஏலம் போடாதீங்க!" என்று மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள். அவள் குரலிலும் சிரிப்பு. வேலிக்கு அப்பால் மதினி மணலில் தொப்பென்று இருந்துவிட்ட சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு கடப்பில் சாத்தியிருந்த கதவு நகர்ந்தது.

வந்தவர் பிள்ளையைத் தொடவில்லை. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார்.

"இனி நான் இந்தப் புள்ளைக்கு என்னத்தக் குடுக்கலாம், மச்சான்? ஒண்டுமே குடுக்கக்கூடாது எண்டாலும் சொல்லுங்க. குடுக்கல்ல."

நான் தொண்டையைச் செருமினேன். அரிசியில் தொடங்கி அகப்பை வரைக்கும் ஒரு நீண்ட பிரசங்கம் என்னிடம் தயாராக இருந்தது. அதற்குள் பிள்ளை, கழுவிய ஈரம் காயாத காலோடு, பெரியம்மாவின் சாறித் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"மரவள்ளிக்கிழங்கு," என்றாள். "தேங்காப்பூவும் சீனியும் போட்டு."

மதினி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடப்பால் போனார்.

கிழங்கில் பயமில்லை. தேங்காயில் பயமில்லை. சீனியிலும் பயமில்லை. ஆனால் எந்தப் பானையில் அவிப்பார்?

நான் பின்னாலேயே ஓடினேன்.